உண்டித்தூய்மை



முனிவர்க்கு ஆகாரதானம் அளிக்கும் இல்லறத்தார் கைக்கொள்ள வேண்டிய நவபுண்ணியங்களை நாம் அனைவரும் அறிவோம். எதிர்கொள்ளல் முதல் வணங்குதல் ஈறாக ஐந்தும் முடிந்தபின், மனத்தூய்மை, மொழித்தூய்மை, மெய்த்தூய்மை, உண்டித்தூய்மை என்னும் நான்கினையும் வாய்விட்டுச் சொல்லியே அவர் கையில் கவளம் இடுகிறோம். சென்ற ஆண்டு எம் ஊருக்கு முனிவர் எழுந்தருளியபோது, ஓர் இல்லத்தரசியார் முதல் மூன்றினையும் தெளிவாக உரைத்து நான்காவதில் குரல் தாழ்த்தினார். பின்னர்த் தனியே வினவினோம். "நீரைக் காய்ச்சி வடிகட்டினேன், அரிசியைப் பொறுக்கினேன். எண்ணெயைக் கடையில் அல்லவா வாங்கினேன், அம்மா? அது தூய்மை என்று நான் எப்படிச் சொல்வேன்?" என்றார்.

அவர் அச்சம் மிகையன்று. 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டெல்லியில் நேர்ந்ததை நினைவுகூர்வோம். நமக்கு நல்லெண்ணெய் எப்படியோ, அப்படி வடநாட்டார்க்குக் கடுகெண்ணெய். வழக்கம்போல் அதில் சமைத்துண்டவர்களுக்குக் கால்கள் வீங்கின, மூச்சு முட்டியது, சிலர்க்கு இதயம் தளர்ந்தது. சுமார் 3,000 பேர் நோயுற்றனர். 60 பேருக்கு மேல் மாண்டனர். கடுகெண்ணெயில் பிரமதண்டு எண்ணெய் கலந்திருந்ததே காரணம். நம் ஊர்த் தரிசுகளிலும் பாதையோரங்களிலும் மஞ்சட்பூவும் முள்ளிலையுமாய்த் தானே முளைத்து நிற்கும் அதே செடிதான். அதன் விதையிலுள்ள சாங்குயினாரின் என்னும் நஞ்சு நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்க, நீர் கசிந்து உடலில் தேங்குகிறது. நூற்றில் ஒரு பங்கு கலந்தாலும் தீங்கு விளையும்.

கடுகும் அவ்விதையும் பார்வைக்கு ஒத்தவை. கடுகு வழவழப்பானது; மற்றது சொரசொரப்பானது. நசுக்கினால் கடுகின் உட்புறம் மஞ்சள், மற்றதன் உட்புறம் வெண்மை. (இச்சோதனையை வீட்டுப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள், விருப்பத்தோடு செய்வார்கள்.) எண்ணெயாக ஆட்டிய பின்னரோ கண்ணால் பிரித்தறிய வழியில்லை.

இக்குற்றம் எவ்விரதத்திற்கு மாறானது? உயிர்ச்சேதம் கண்ட நாம் கொல்லாமைக்கே என்போம். ஆசாரியர்களோ இதனைக் களவின்பால் வைத்தனர். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அசௌரிய அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். களவு செய்ய ஏவுதல், களவுப் பொருளை வாங்குதல், அரசின் ஆணையை மீறுதல், அளவையைக் கூட்டியும் குறைத்தும் வைத்தல், போலிப் பொருளை விற்றல் என்பன அவை. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனையே ஒத்ததை ஒத்ததோடு கலத்தல் என்னும் பொருள்பட ஸத்ருச ஸன்மிச்ரம் என்றார். கடுகோடு பிரமதண்டும் மிளகோடு பப்பாளி விதையும் கலப்பதற்கு இதனினும் பொருத்தமான சொல் எமக்குத் தோன்றவில்லை. போலிப் பொருளுக்குப் பூஜ்யபாதர் உரையில் காட்டுவது போலிப் பொன். அதனை வாங்கியவர் இழந்த பொருளை மீண்டும் ஈட்டலாம். டெல்லியில் இழந்தவை அத்தகையன அல்ல.

களவாவது கொடாததைக் கொள்ளுதல். ஒருவர் கடுகெண்ணெய்க்கு விலை தருகிறார். அதனுள் இருக்கும் பிறிதோர் எண்ணெய்க்கு அவர் மனமுவந்து காசு தரவில்லை. அறிந்திருப்பின் தந்திருக்கவும் மாட்டார். ஆகவே அக்காசு கொடாமலே கொள்ளப்பட்டது. இதில் ஒரு நுட்பம் உண்டு. கலப்பவர் எவரையும் கொல்ல எண்ணுவதில்லை, லாபத்தையே எண்ணுகிறார். "கொல்ல நினைக்கவில்லை" என்னும் சமாதானம் அவரிடம் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். களவின்பால் வைத்தபின் அதற்கு இடமில்லை. ஒருவரும் நோயுறாவிடினும் விரதம் பழுதுபட்டதே. நோயுற்றாலோ, பிரமாதத்தால் உயிர்க்கு ஊறு செய்தல் இம்சை என்னும் சூத்திரமும் உடன்வந்து சேர்கிறது. "வயலில் களையாக நின்ற விதை தெரியாமல் கலந்துவிட்டது" என்பார்க்கும் அச்சூத்திரமே விடை.

எண்ணெய் நம் வீடு சேருமுன் உழவர், தரகர், ஆலை, மொத்த வணிகர், சில்லறைக் கடை எனப் பல கை மாறுகிறது. நம் குடும்பங்களில் உழுவோரும் ஆலை, மளிகை நடத்துவோரும் உளர். சந்தை விலையினும் மிகக் குறைவாக ஒரு டின் வரும்போது, காரணம் கேளாது வாங்கி விற்பவர், தாம் கலக்காவிடினும் இரண்டாம் அதிசாரத்தின் விளிம்பில் நிற்கிறார். சொல்லக் கூசுகிறது, மலிவு என்று அக்கடையைத் தேடிச் செல்லும் நாமும் அவர் அருகிலேயே நிற்கிறோம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேரின் குறைந்தது 7 ஆண்டு, மிகுந்தால் ஆயுட்காலம் சிறை என்கிறது. 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. அதனை மீறுவது மூன்றாம் அதிசாரம்.

நாம் நீரை வடிகட்டிப் பருகுகிறோம். பொழுது சாயுமுன் உண்கிறோம். அவ்விழிப்பெல்லாம் சிற்றுயிர்களை நோக்கியது. எண்ணெயில் கரைந்த நஞ்சு வடிதுணியில் நிற்பதில்லை.

முற்கூறிய இல்லத்தரசியார் இவ்வாண்டு தம் நிலத்து எள்ளைப் புடைத்து எடுத்துச்சென்று, முன்னின்று செக்கில் ஆட்டினார். முதலில் செக்கைத் துடைத்துத் தருமாறு கேட்டபோது செக்குக்காரர் முகம் சுளித்தாராம். பின்னர் முந்தைய எண்ணெயின் மிச்சம் துணியில் படிந்ததைக் கண்டு, தாமே மறுமுறையும் துடைத்தாராம். கடை விலையினும் செலவு கூடுதல் என்பதையும் அம்மையார் மறைக்கவில்லை. வரும் சாதுர்மாசத்தில் முனிவர் எவரேனும் எம் ஊர்ப்பக்கம் எழுந்தருள்வாரா என்பது இன்னும் தெரியவில்லை. எண்ணெய் பீங்கான் ஜாடியில், துணி கட்டி, காத்திருக்கிறது.