விமானியின் கடமையும் இல்லறப் பற்றும்

மனைவி மக்களிடம் ஆழ்ந்த பற்றுள்ள ஒருவர், முன்பின் அறியாதவர்களைக் காப்பதற்காகத் தம் உயிரைப் பணயம் வைப்பது அறமா? அல்லது அந்த உயிரை நம்பியிருக்கும் வீட்டாருக்கு இழைக்கும் அநீதியா? இராணுவ ஹெலிகொப்டர் விமானியின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி போர்க்களத்தில் மட்டும் எழுவதில்லை. வெள்ளமும் மண்சரிவும் வரும்போதெல்லாம் எழுகிறது. கீதையும் பௌத்த நூல்களும் தமிழ் அறநூல்களும் இதை வெவ்வேறு முனையிலிருந்து அணுகுகின்றன.

இலங்கையின் மலையகத்தில் இக்கேள்வியின் நடைமுறைப் பக்கம் தெளிவாகத் தெரியும். 1885இல் ரயில் வந்தடைந்த நானுஓயா, இன்றும் நுவரெலியாவுக்கான ரயில் நிலையமாக விளங்குகிறது. கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. இங்குள்ள தோட்டங்களை வெளியுலகோடு இணைப்பவை ரயில் பாதையும் மலைச்சரிவில் வெட்டிய தெருக்களுமே. மண் சரிந்து அவை அடைபட்டால் வான்வழி ஒன்றே மிஞ்சும். அதுவும் எளிய வழியல்ல. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் சுழலிறகுகளின் தூக்குவிசை குறைகிறது. எஞ்சினின் வலுவும் இறங்குகிறது. சமவெளியில் ஏற்றும் சுமையை இங்கே ஏற்ற முடியாது. பள்ளத்தாக்குகளில் மூடுபனி சில நிமிடங்களில் திரண்டுவிடும். மின்கம்பிகள் கண்ணுக்குத் தெரியாத தடைகளாகக் குறுக்கிடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது இலங்கையில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் குடியிருப்புகளை மூடின; மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. இலங்கை விமானப்படையுடன் இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ரக ஹெலிகொப்டர்களும் மீட்புப் பணியில் இறங்கின. நவம்பர் 30ஆம் திகதி, நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த இலங்கை விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் ஒன்று மேற்குக் கரையோரச் சமவெளியிலுள்ள லுணுவிலவில் விழுந்தது. அதைச் செலுத்திய விங் கமாண்டர் நிர்மால் சியம்பலாப்பிட்டிய உயிரிழந்தார். உடனிருந்தவர்கள் உயிர் தப்பினர். எதிரி எவரும் இல்லாத களத்தில் நேர்ந்த மரணம் அது. அதனால் வீரம், வெற்றி என்ற வழக்கமான சொற்களால் அதை விளக்கிவிட முடியாது.

பகவத்கீதையின் தொடக்கமே குடும்பப் பற்றால் தடுமாறும் ஒரு போர்வீரனின் நிலைதான். எதிரணியில் பாட்டனாரையும் ஆசிரியர்களையும் உறவினரையும் கண்டு அருச்சுனன் வில்லைக் கீழே போடுகிறான். விளைவில் பற்றின்றிக் கடமையைச் செய் என்பதே அவனுக்குக் கிடைக்கும் விடை. மகன், மனைவி, வீடு ஆகியவற்றில் ஒட்டாதிருத்தலைப் பதின்மூன்றாம் அத்தியாயம் ஞானத்தின் இலக்கணங்களுள் ஒன்றாக வைக்கிறது. ஆனால் ஒட்டாமை என்பது கைவிடுதல் அன்று. மூன்றாம் அத்தியாயம் எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஜனகர் காட்டுக்குப் போன துறவியல்லர். நாட்டை ஆண்ட இல்லறத்தார். உலக நலனுக்காகச் செயலில் நின்றவர் என்பதே அவரது சிறப்பு. இந்த விடை, செயல்படுபவரின் மனக்கலக்கத்தைத் தீர்க்கிறது. வீட்டில் இருப்பவர்களின் இழப்பைப் பற்றி அது அதிகம் பேசவில்லை.

பௌத்த நூல்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே எடுத்துக்கொள்கின்றன. முதலாவது, எந்த எண்ணத்தோடு உயிரைப் பணயம் வைப்பது என்பது. சம்யுத்த நிகாயத்தின் யோதாஜீவ சூத்திரத்தில் படைவீரர் தலைவன் ஒருவன், போரில் மடிபவன் தேவருலகம் சேர்வானா என்று கேட்கிறான். இருமுறை விடை சொல்ல மறுத்த புத்தர், மூன்றாம் முறை கேட்டபோது, கொல்லும் எண்ணத்தோடு போரிட்டு மடிபவனுக்கு நரகமே வாய்க்கும் என்கிறார். இங்கே மரணத்துக்குத் தனி மேன்மை இல்லை. மனத்தின் நோக்கமே அளவுகோல். ஹெலிகொப்டருக்கு இந்த வேறுபாடு மிகவும் பொருந்தும். உணவும் மருந்தும் சுமக்கும் பெல் 212 ரகமே, இலங்கையின் உள்நாட்டுப் போரில் துப்பாக்கி பொருத்தப்பட்டும் பறந்தது. வியட்நாமின் மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16ஆம் திகதி அமெரிக்கப் படையினர் பொதுமக்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, அமெரிக்க விமானியான ஹியூ தொம்சன் தமது ஹெலிகொப்டரை அவர்களுக்கும் கிராமத்தவருக்கும் நடுவே இறக்கிப் பலரைக் காப்பாற்றினார். சீருடையும் வாகனமும் மாறவில்லை; நோக்கம் வேறாக இருந்தது. அவரது நாடு அதற்கான பதக்கத்தை வழங்க 30 ஆண்டுகள் சென்றன.

இரண்டாவது கேள்வி, ஒருவர் செய்யும் தியாகத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது. சிங்களக் கிராமங்கள்தோறும் அறியப்பட்ட வெஸ்ஸந்தர ஜாதகத்தில், கொடையில் நிறைவு காண விரும்பும் இளவரசன் தன் பிள்ளைகளையே தானமாகக் கொடுத்துவிடுகிறான். பிறருக்குத் துன்பம் தந்து செய்யும் கொடை நற்பயன் தருமா என்று மிலிந்த பஞ்ஹ நூலில் மிலிந்த மன்னன் வெளிப்படையாகவே கேட்கிறான். அவனுக்கு விடை சொல்லும் துறவி நாகசேனர் அக்கொடையை நியாயப்படுத்துகிறார். ஆனாலும் பிள்ளைகளின் அழுகையை ஒரு கேள்வியாக ஏற்று, நூலிலேயே பதிவு செய்திருப்பது கவனத்துக்குரியது. விமானியின் பிள்ளைகளும் அதே நிலையில் இருப்பவர்கள். தந்தை எந்தப் பயணத்துக்குப் புறப்படலாம் என்று அவர்களிடம் எவரும் கேட்பதில்லை.

தமிழ் மரபு இன்னொரு வழியைத் திறக்கிறது. திருக்குறளில் அன்புடைமை இல்லறவியலில் அமைந்த அதிகாரம். அறத்துக்கு மட்டுமன்றி மறத்துக்கும் அன்பே துணை என்ற கருத்தை வள்ளுவர் அங்கே வைக்கிறார். தொடர்புடையோரிடம் தோன்றுவது அன்பு, தொடர்பு பாராமல் எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள் என்று உரைமரபு பிரிக்கிறது. அன்பு பெற்றெடுத்த பிள்ளையே அருள் என்பது வள்ளுவர் கருத்து. இந்த நோக்கில் குடும்பப் பற்றும் பொதுக்கடமையும் எதிரெதிர்த் திசைகள் அல்ல. தன் பிள்ளையின் பசியை அறிந்தவரே தோட்டத் தொழிலாளரின் லயத்தில் சிக்கிய பிள்ளையின் பசியையும் உணர்வார். இல்லறம் அருளுக்குப் பயிற்சிக்களமாகிறது.

பெரியபுராணத்தில் வரும் சிறுத்தொண்டர் வரலாறு தியாகத்தின் எல்லையைக் காட்டுகிறது. பரஞ்சோதி என்ற பெயரில் பல்லவப் படையை வாதாபிவரை நடத்தி வென்றவர் அவர். அவர் சிவனடியார் என்பதை அறிந்ததும், இத்தகையவரைப் போருக்கு அனுப்பினோமே என்று மன்னன் வருந்தி, பொருள் கொடுத்துப் பணியிலிருந்து விடுவிக்கிறான். திருச்செங்காட்டங்குடியில் இல்லறம் நடத்திய அவர், பின்னர் அடியவர் வேடத்தில் வந்த இறைவன் கேட்டபடி மகன் சீராளனையே அறுத்துக் கறி சமைக்கிறார். மகன் இறையருளால் மீள்கிறான். பக்தியின் உச்சமாக அது போற்றப்பட்டாலும், நடைமுறை அறத்துக்கு விதியாக எவரும் அதைக் கொள்வதில்லை. உலகில் நிகழும் இழப்புகளில் மகனோ தந்தையோ அப்படி மீண்டு வருவதில்லை.

ஆகவே பணயத்தின் அளவு, அதாவது எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்ற கேள்வி எஞ்சுகிறது. 2021 டிசம்பர் 8ஆம் திகதி சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகொப்டர் நீலகிரி மலையில் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தளபதி பிபின் ராவத்தும் விமானி பிருத்வி சிங் சௌகானும் உட்பட, அதில் பயணித்த 14 பேரும் இறந்தனர்.  வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகொப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது என்று விசாரணை முடிவு கூறியது. மேகத்துக்குள் உட்காதின் சமநிலை உணர்வு பொய்யான தகவலைத் தரும். திரும்பிக்கொண்டிருக்கும்போதும் நேராகப் பறப்பதாகவே உடல் நம்பும். எத்தனை அனுபவம் இருந்தாலும் இது நேரலாம். எனவே பனி மூடுமுன் திரும்பிவிடுவதும், சுமையைக் குறைப்பதும், பறக்க மறுப்பதும் கோழைத்தனம் ஆகா. வினையின் வலியையும் தன் வலியையும் ஆராய்ந்து இறங்கச் சொல்லும் குறள்நெறி இதற்கும் பொருந்தும்.

இந்த மரபுகளைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று நிபந்தனைகள் தேறும். காக்கும் நோக்கம் இருக்க வேண்டும். ஆபத்து, காக்கப்படும் உயிர்களுக்குத் தகுந்த அளவில் இருக்க வேண்டும். வீட்டார் சுமக்கும் பங்கை விமானியும் அவரை அனுப்பும் அரசும் கணக்கில் கொள்ள வேண்டும். முதல் இரண்டும் பெருமளவு விமானியின் கையில் உள்ளன. மூன்றாவது அவரால் மட்டும் முடிவதன்று. உணவுப் பொதியைப் பெற்ற ஊரும் அவரை அனுப்பிய நாடும், அவருக்குப் பின் அவர் பிள்ளைகளின் படிப்பையும் வாழ்வையும் பொறுப்பேற்கும்போதுதான் அது நிறைவேறும். இவை மூன்றும் அமைந்த இடத்தில், குடும்பத்தை நேசிப்பவர் பிறருக்காகப் பறப்பது இல்லறத்துக்கு மாறானது ஆகாது.