ரைட் கார்னரில் நிற்பவன்

பெரியார் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த கபடிப் போட்டி அது. உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற என்னையும் பல்கலைக்கழக அணிக்கான தேர்வுக் குழுவில் உட்கார வைத்திருந்தார்கள். ராசிபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் தடுப்பு வரிசையின் வலது ஓரமான ரைட் கார்னரில் ஆடினான். ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர்ஷீட்டில் அவன் பெயருக்கு நேரே ஒரே ஒரு பிடி. லெஃப்ட் கார்னருக்கு ஐந்து. பக்கத்தில் இருந்தவர் லெஃப்ட் கார்னரின் பெயரை உடனே எழுதிக்கொண்டார்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். தொடக்கத்திலேயே எதிரணியின் சிறந்த ரைடர் போனஸுக்குக் கால் நீட்டினான். இந்தப் பையன் குனிந்து இரண்டு கையாலும் கணுக்காலை அள்ளிவிட்டான். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு ரைடரும் அவன் பக்கம் துணிந்து போகவில்லை. எல்லாரும் மறுபக்கமே சாய்ந்தார்கள். வருகிறவன் எங்கே போவான் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் லெஃப்ட் கார்னருக்கும் கவருக்கும் பிடி லேசாகிவிட்டது. 10 மீட்டர் அகலக் களத்தில் ஒரு பக்கத்தையே ஒருவன் மூடி வைத்தால் அதற்கு எந்தக் கட்டத்தில் புள்ளி போடுவது? அமெரிக்கக் கால்பந்தில் கார்னர்பேக் என்று ஓர் இடம் உண்டு. அங்கேயும் இதே நிலைதான். அவன் ரொம்பக் கெட்டிக்காரன் என்றால் எதிரணி அவன் பக்கம் பந்தை எறியவே தயங்கும். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அவன் சும்மா நின்றவன்.

பையனின் அப்பாவுக்குத் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் வட மாநிலங்களில் போர்வெல் போட்டுக்கொண்டிருப்பவர். அங்கிருந்து போன் செய்தார். "சார், பையன் புரோ கபடிக்கெல்லாம் போவானுங்களா? இல்லீன்னா டிகிரி முடிச்சதும் வண்டிக்கே கூட்டிக்கிறனுங்க." கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. ஒருவன் இன்று செய்ததை வைத்து, நாளை அவன் என்ன ஆவான் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதனும் ரைட் கார்னர்தான். 1975-இல் பிறந்தவர். அவர் இளைஞராக ஆடிய காலத்தில் புரோ கபடி என்ற ஒன்றே கிடையாது. 2014-இல் அது தொடங்கியபோது அவருக்கு 39 வயது. பெரும்பாலானவர்கள் ஆடுவதை விட்டுவிடும் வயது. 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணியின் தலைவராகக் கோப்பையை வென்றார். அவருடைய இருபதாவது வயதில் எந்தத் தேர்வாளரால் இதைச் சொல்லியிருக்க முடியும்? மறுபக்கமும் உண்டு. முழங்கால் தசைநார் அறுந்து, அதற்குச் செலவழிக்க வழியில்லாமல், அத்தோடு கபடியை விட்ட நல்ல ஆட்டக்காரர்களை இந்தப் பக்கத்து ஊர்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார், ஆள்வினை உடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டும் முட்டிக்கொள்கின்றன என்பார்கள். இரண்டுக்கும் நடுவே எனக்கு வழிகாட்டுவது 51-ஆம் அதிகாரமான தெரிந்துதெளிதல். ஆளை ஆராய்ந்து நம்பு என்கிறது அது. குணத்தையும் செயலையும் எடை போடச் சொல்கிறதே தவிர, அவனுக்கு நாளை என்ன வாய்க்கும் என்று கணக்குப் போடச் சொல்லவில்லை.

பலனில் பற்று வைக்காதே என்ற கீதையின் போதனையைச் செயல் செய்கிறவனுக்கான புத்திமதியாகவே மேடைகளில் சொல்கிறார்கள். மதிப்பிடுகிறவனுக்கும் அது வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எங்களுக்கும் ஒரு பலன் ஆசை இருக்கிறது. "நான் அப்பவே சொன்னேன்" என்று பின்னாளில் மார்தட்டுகிற ஆசை. அது உள்ளே புகுந்துவிட்டால் கண் களத்தில் நிற்காது. பையனின் காலடியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் மனம் புரோ கபடி ஏலத் தொகைக்குப் போய்விடும். அதற்காகத் தேர்வே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 12 பேரை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் எடுப்பது அவன் செய்த வேலைக்காக இருக்கட்டும்.

நாமக்கல்லில் கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டுத்தான் எங்கள் பையன்கள் பலர் போட்டிக்குக் கிளம்புவார்கள். அவர் கதையில் எனக்கு நெருக்கமானவர் சாம்பவான். கடலைப் பார்த்து வானரங்கள் மலைத்துப்போன நேரத்தில், தன் பலம் தெரியாமல் ஒதுங்கி இருந்த அனுமனிடம் போனவர் அவர். ஆரூடம் சொல்லவில்லை. பிறந்த கதையையும், சிறு பிள்ளையாகச் சூரியனை நோக்கித் தாவிய கதையையும் எடுத்துச் சொன்னார். நடந்ததைத்தான் சொன்னார். அனுமனுக்கு அது போதுமானதாக இருந்தது.

குழுவில் அந்தப் பையனுக்காகப் பேசினேன், எடுத்துக்கொண்டார்கள். அவன் அப்பாவிடம், "அவன் என்ன பண்ணினான்னு சொல்றனுங்க, என்ன ஆவான்னு என்னால சொல்ல முடியாதுங்க. வண்டிக்குக் கூப்பிடறதுக்கு முன்னால அவனையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றேன். பிறகு பையனைக் கூப்பிட்டு, ஒவ்வொரு ரைடாக, எதிராளி எந்த இடத்தில் திரும்பினான், எதைப் பார்த்துத் திரும்பினான் என்று சொன்னேன். ரைடர் போக்குக் காட்டும்போது அவன் அவசரப்பட்டு முன்னால் போய்விடுகிறான் என்ற குறையையும் மறைக்கவில்லை.

"ரெண்டாவது பாதியில நான் ஒண்ணுமே பண்ணலீன்னு இருந்தனுங்க சார்" என்றான் அவன்.