பத்துக் காசும் பள்ளிக்கூடத்து மனையும்

தோட்டக் கம்பெனிகள் தம்மிடம் உழைக்கும் பெண்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் செய்கின்ற கல்வி உபகாரத்தைத் தர்மம் என்று கொள்வதா, கடன் தீர்ப்பது என்று கொள்வதா என்னும் வினா, ஜொகூர் மாநிலத்தின் குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் முதலில் பால்மரக் காடும் பின்னர் செம்பனையும் பரந்து கிடந்த காலமெல்லாம் எழுந்திருக்க வேண்டியது. ஆயின் அதைக் கேட்டோர் சொற்பமே.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வாழும் தோட்டம் பள்ளிக்கூடம் வைத்தே தீர வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூட்டு மலாய் மாநிலங்களில் விதித்தது. ஜொகூர் அக்கூட்டுக்குப் புறத்தே நின்ற சுல்தானிய மாநிலமாயினும், அங்கும் தோட்டப் பள்ளிகள் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டன. சட்டம் கட்டடத்தைக் கேட்டதே தவிரக் கல்வியின் தரத்தைக் கேட்கவில்லையாதலால், பல இடங்களில் தகரக் கூரை வேய்ந்த கொட்டகையே பள்ளியாயிற்று; கணக்கெழுதும் கிராணியோ ஆளை விரட்டும் கங்காணியோ வாத்தியாரானார். பிள்ளை பள்ளியில் இருந்தால் தாய் மரநிரையில் நிம்மதியாக நிற்பாள், நாளைக்கு அந்தப் பிள்ளையே உளி பிடிக்கும் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது.

அந்தத் தாயைச் சற்றே நெருங்கிப் பார்க்க வேண்டும். விடிவதற்கு முன்பே எழுந்து, சோறாக்கித் தூக்குச்சட்டியில் அடைத்து, தூங்கும் கைக்குழந்தையைத் துணியோடு வாரி ஆயாக் கொட்டகையில் கிடத்திவிட்டுப் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்குப் பேர் கொடுக்க ஓடியவள் அவள். அவளுக்கு நாட்கூலி 40 காசு, பக்கத்து நிரையில் வெட்டிய ஆணுக்கு 50 காசு என்று 1920களில் மலாயாவில் அதிகாரபூர்வமாகவே நிர்ணயமாயிற்று; உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தபின் 1930இல் அதுவும் 32, 40 எனக் குறைந்தது. மரமோ வெட்டுகிறவர் ஆணா பெண்ணா என்று பார்த்துப் பால் சுரக்கவில்லை. நாள்தோறும் குறைத்துக் கொடுத்த அந்தப் பத்துக் காசு தலைமுறைக் கணக்கில் கம்பெனிப் பேரேட்டில் தங்கியது. அவளுக்கோ வேறொரு நஷ்டமும் சேர்ந்தது. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் பள்ளியை விட்டு நின்றாள். ஆறாம் வகுப்பைத் தாண்டிய சிலரும், பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் பேருந்துக் கட்டணம் கொடுக்க வழியின்றி வெளிக்காட்டில் புல் வெட்டப் போயினர்.

இக்காலத்துக் கம்பெனிகள் அவ்விதம் இருப்பதில்லை என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டத் தொழிலில் பேர்பெற்ற சைம் டார்பி குழுமம் 1982இலேயே உபகாரச் சம்பளத்திற்கென ஓர் அறநிதியம் கண்டது. 2004இல் தோன்றிய செம்பனை எண்ணெய் வட்டமேசை அமைப்போ, பெண் தொழிலாளரைப் பாலியல் தொல்லையினின்றும் பாரபட்சத்தினின்றும் காக்கும் ஏற்பாடுகளைத் தன் நற்சான்றுக்கு நிபந்தனையாக்கிற்று. அந்தச் சான்று இல்லாவிடில் மேனாட்டுச் சந்தையில் எண்ணெய் விற்பது கடினம் என்ற அச்சமே பல அலுவலகங்களைத் தூண்டியது என்பர். இருக்கட்டும். கட்டைவிரல் உருட்டிச் சம்பளம் வாங்கிய பாட்டியின் பேத்தி பல்கலைக்கழகத்துக்குப் போவதற்குக் கிடைத்த பணம், கொடுத்தவன் நெஞ்சில் எந்த எண்ணம் இருந்தது என்பதால் மதிப்புக் குறைந்துவிடாது. நோக்கம் சுத்தமில்லை என்று சொல்லி அவ்வுதவியைத் தள்ளச் சொல்பவர், பெரும்பாலும் தம் பிள்ளைக்குக் கட்டணம் கட்ட முடிந்தவர்களே. ஆகவே வாங்குவதில் குற்றமில்லை.

கொடுப்பவன் தன் செயலுக்கு என்ன பெயர் சூட்டுகிறான் என்பதில்தான் குற்றம் புகுகிறது. வள்ளுவர் ஈகையைக் கூறுமுன் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாக வைத்தார். உலகத்தோடு கூடி வாழ்பவன் அதற்குச் செய்ய வேண்டிய கடமை வேறு, வறியவனுக்கு இரங்கிக் கொடுப்பது வேறு. தோட்டத்துக் கல்வி உதவி இவ்விரண்டுக்கும் முந்தியதாகிய கடனடைப்பு என்றே தோன்றுகிறது. கடனைத் திருப்பித் தருகிறவன், பத்து வயதுச் சிறுமியை மேடையேற்றி, ஆளுயரத்துக்கு அச்சிட்ட மாதிரிக் காசோலையின் ஓரத்தைப் பிடித்து நிற்கச் செய்து, நன்றி சொல்லவும் வைப்பானாகில், அவளுடைய பாட்டி இழந்த பத்துக் காசை மறுமுறையும் அவளிடமிருந்து பிடுங்குகிறான்.

உதவியை உரைத்துப் பார்க்க இன்னொரு கல் உண்டு: அது பெறுகிறவர் காலடியில் சொந்த மண்ணை விட்டுச் செல்கிறதா? தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராயிருந்த வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாக நூறு வெள்ளிப் பங்கு திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அந்தச் சங்கத்துப் பிள்ளை பெறுகின்ற உபகாரச் சம்பளம் அதன் பெற்றோருடைய சொந்தப் பணமாதலால், யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை.

ஜொகூரில் இன்று ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் பல, மனை இன்னும் பள்ளியின் பெயருக்கோ அரசின் பெயருக்கோ மாறாமையால், பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நிற்கின்றன. குடிகள் பட்டணம் போய்விட்ட செம்பனைக் காட்டின் நடுவே ஒரு கழிப்பறைச் சுவர் எழுப்புவதானாலும், முன்னொருகால் அதே தோட்டத்து ஆயாக் கொட்டகையில் ஏணையில் கிடந்து வளர்ந்து தலைமையாசிரியையாகிவிட்ட பெண், நில உரிமையாளரின் இசைவுக் கடிதத்திற்காகத் தோட்ட அலுவலகத்து வாசலில் காத்திருக்க நேர்கிறது.