புல்லும் புறம்போக்கும்

'போடா புறம்போக்கு' என்று திட்டுகிறார்கள். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது ஒரு நிலத்தின் பெயர். தீர்வை இல்லாத, யார் பேரிலும் பட்டா இல்லாத நிலம். ஏரிப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு. நிலத்தின் பெயர் எப்படி மனுசனுக்கு வசவாச்சு? அந்த நிலத்தில் குடிசை போட்டவர்கள் யாரோ, அவர்களை வைத்துத்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு அந்த நிலத்துக்கு மவுசு வந்திருக்கிறது. 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. புல்வெளியையும் அதை ஒட்டிய மரபையும் காப்பாற்ற 'உள்ளூர்ச் சமூகத்தின்' கையிலேயே நிதியைக் கொடுக்கலாம் என்கிறார்கள். சொல்கிற சூழல் நண்பர்கள் பலர் நல்லவர்கள். எனக்குப் புல்லோடு சண்டை இல்லை. அந்தச் சமூகம் யார் என்பதுதான் கேள்வி.

எங்கள் பக்கம் 'ஊர்ப்பொது' என்று ஒன்று உண்டு. ஏரி மீன் ஏலம், புளியமரக் குத்தகை, திருவிழாக் கணக்கு எல்லாம் அதில் சேரும். அந்தப் பொதுவில் சேரி கிடையாது. பறை அடிப்பதும் செத்த மாட்டை இழுப்பதும்தான் சேரியின் பங்கு. அப்படியிருக்க, 'கிராம சமூகத்துக்கு நிதி' என்று ஒரு தாள் வந்தால் அது எந்தத் தெருவில் போய் இறங்கும்? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், அரசியல் சட்டம் கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதை வரவேற்றுப் பேசினார். கிராமத்தைப் போற்றியவர்களுக்குக் கசந்தது. அவர் எதைக் கண்டு பேசினாரோ அது இன்னும் சாகவில்லை. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்துக்கு 2004இல் விதிகள் வந்தன. உள்ளாட்சிதோறும் ஒரு மேலாண்மைக் குழு. நியமிக்கப்படும் ஆறு பேர் வரையில் தலித், பழங்குடியினர் 18 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று அந்த விதிகளில் இருந்தது. கணக்குப் போட்டால் ஒன்றிரண்டு பேர். அந்த ஒன்றிரண்டு பேர் எங்கே உட்காருவார்கள், எப்போது வாய் திறப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

காசு வந்து புல் போன கதையும் இருக்கிறது. 1981இல் சுவீடன் உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. ஏரி உள்வாயிலும் புறம்போக்கிலும் கருவேல மரங்கள். அதன் பெயரிலும் 'சமூகம்' இருந்தது. கன்று பெரிசாகிற வரைக்கும் ஆட்டை உள்ளே விடாதே என்றார்கள்; மரம் பெரிசானதும் ஏலம் விட்டார்கள். அன்றைக்கு மரம் வைக்கக் காசு, இன்றைக்குப் புல்லைக் காக்கக் காசு. ஆடு ஓட்டியவளை இரண்டு தடவையும் யாரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வி எவ்வளவு கூரானது என்று பார்க்க மராட்டியத்தின் மராத்வாடாவுக்குப் போகவேண்டும். மேய்க்கால் நிலத்துக்கு அங்கே 'காய்ரான்' என்று பெயர். அதில் மேய்கிற மாடு உயிரோடு இருக்கும்வரை ஊருக்குச் சொந்தம். செத்தால் மகார் இழுக்கவேண்டும். இப்படிப்பட்ட வேலைகளும் பரம்பரைப் பாத்தியதைதான், 'வதன்' என்று பேர். சட்டம் வந்துதான் அதை ஒழித்தது. 'மரபைக் காப்போம்' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் இதுதான் ஞாபகம் வருகிறது. என்ன செய்ய.

நிலமில்லாத தலித்துகள் அந்தக் காய்ரானில் இறங்கி உழுதார்கள். சாகுபடியாகாத அரசு நிலத்தில் தலித்துகளுக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று 1947இலேயே 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் அம்பேத்கர் கேட்டிருந்தார். தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் 1959இலும் 1964-65இலும் நில சத்தியாக்கிரகம் நடந்து கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். பிறகு பீட் மாவட்டப் பக்கம் ஏக்நாத் ஆவாட் அதை எடுத்துச் சென்றார். 1991இல் மராட்டிய அரசு, 1990 ஏப்ரல் 14 வரையிலான ஆக்கிரமிப்புகளை ஒழுங்குபடுத்த ஆணை போட்டது. தேதியைப் பாருங்கள், அம்பேத்கர் பிறந்தநாள். ஆணை வந்தது, பலருக்குப் பட்டா வரவில்லை. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் ஊர்ப் பொது நிலத்து ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னபோது, அரசாணைப்படி நிலமற்றவருக்கும் தலித், பழங்குடியினருக்கும் குத்தகை தந்த இடங்களுக்கு விலக்கு கொடுக்கலாம் என்றது. விலக்கைக் காட்டத் தாள் வேண்டுமே!

அந்த வறண்ட பீடபூமி புல்வெளி நாடு. வெளிமானும் கானமயிலும் வாழ்ந்த இடம். ஒரு தடவை ஆழ உழுதுவிட்டால் பழைய புல் லேசில் திரும்பாது. சூழல்காரர்கள் சொல்வது பொய்யில்லை, யார் உழுதாலும் புல் போகும். வயிற்றுக்காக உழுதவனிடம் 'பறவைக்காக விட்டுக்கொடு' என்று கேட்கிற யோக்கியதை யாருக்கு இருக்கிறது? கிணறு கிணறாகத் தோண்டிக் கரும்பு போட்டவனிடம் முதலில் கேட்டார்களா? சரி, அவனிடம் கேட்காததால் நமக்குப் பொறுப்பே கிடையாதா? கிடையாது என்று முடித்துக்கொள்வது நமக்கு வசதி. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் கானமயில் இல்லை, எங்க அம்மா.

எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஒரு எருமை, நாலு ஆடு. அம்மா கருக்கருவாவும் கூடையுமா வரப்புக்குப் போகும். 'எவடி அவ எங் கொல்லையில'ன்னு குரல் வரும். கூடையைக் கவுத்துடுவான். கருக்கருவாவைப் பிடுங்கிக்குவான், திரும்ப வாங்கக் கெஞ்சணும். அதுக்கு மேலயும் பேசியிருப்பான். அதையெல்லாம் அம்மா வீட்டில் சொன்னதே இல்லை. மேய்க்காலில் அந்தக் குரல் கிடையாது. கொழுக்கட்டைப்புல்லும் அருகும் அறுத்துக் கட்டி, நிமிர்ந்து நடந்து வரும். அந்த மேய்க்காலும் போச்சு. மேல்பாதியை ஊர்க்காரர் ஒருவர் தன் பட்டாவோடு சேர்த்துக்கொண்டார். கீழ்ப்பாதியில் எங்க சொந்தக்காரங்க நாலு பேர் கேழ்வரகு போட்டார்கள். நாலு பேரும் ஆம்பளைங்க. மேல்பாதிக்காரரைத் திட்டின நாங்கள் கீழ்ப்பாதியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அம்மா மறுபடி வரப்புக்குப் போச்சு.

பஞ்சாபிலும் இதே வரப்புதான். அங்கே ஊர்ப் பொதுச் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்குத்தான் குத்தகைக்கு விடவேண்டும் என்று விதி. பினாமி வைத்து ஜாட் நிலவுடைமையாளர்களே ஏலம் எடுத்து வந்தார்கள். 2014இலிருந்து சங்ரூர் மாவட்டத்தில் சமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டியில் திரண்டவர்கள் தடியடிக்கும் வழக்குக்கும் நடுவில் அந்தப் பங்கைப் பிடித்துக் கூட்டாகப் பயிர் செய்தார்கள். எருமைக்குத் தீவனம் தங்கள் நிலத்திலேயே கிடைத்ததை, அடுத்தவன் வரப்பில் நின்று வசவு கேட்க வேண்டாம் என்பதை, அங்குள்ள பெண்கள் பெரிசாகச் சொன்னார்கள். புல்லில் மானம் இருக்கிறது என்பதை அவர்களுக்கு எந்த நிறுவனமும் வகுப்பு எடுக்கவில்லை.

நிதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழுதவனிடம் நிலத்தைத் திருப்பிக் கேட்பதற்கு முன்னால் அவனுக்குத் தண்ணீர் பாய்கிற வேறு நிலம் கொடுக்கட்டும். ஊர்ப்பொதுவின் கையெழுத்தில் காசு வரக் கூடாது. புல்லறுக்கிற கையின் ரேகை அந்தத் தாளில் முதலில் விழட்டும். நம்மாட்கள் உழுத இடத்திலும் ஆடு வைத்திருக்கிறவள் சொல்கிற எல்லைக்கு நாம் கட்டுப்படவேண்டும். இது நம் ஆண்களுக்கே பிடிக்காது, தெரியும்.

போன வருசம் ஒரு கூட்டத்தில் இதையெல்லாம் கேட்டேன். 'சாதியை ஏன் சார் இங்க இழுக்கறீங்க, இது புல்லுங்க' என்றார் மேடையில் இருந்தவர். கூட்டம் முடிந்து வெளியே வந்தால் மேய்க்கால் ஓரம் புது முள்வேலி. இந்தப் பக்கம் ஒரு கிழவி ரெண்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது.

'உள்ள விடுவாங்களா தம்பி?'

எனக்குத் தெரியலை என்றேன்.