இறவாமையும் பிறவாமையும்

ஐப்பசித் திங்களிலே, கந்தசட்டி நிறைவுநாளன்று, கொக்குவில் மஞ்சவனப்பதி முதலாய முருகன் ஆலயங்களிற் சூரன்போர் கண்டு மீளும் சிறுவர், மறுநாட் பள்ளிக்கூடத்திலே ஆசிரியரை நோக்கி ஒரு வினா எழுப்புதல் கூடும். "மார்க்கண்டேயருக்கு ஆயுள் அளித்தவர் சிவபெருமான், சூரனுக்கு அளித்தவரும் அவரே. ஒருவர் என்றும் பதினாறாய் இருக்க, மற்றவன் வேலாற் பிளவுண்டது என்னை?" என்பதே அது. "அவன் அசுரன், ஆதலின் அழிந்தான்" என்று சொல்லி அவ்வினாவை அடக்கிவிடல் எளிது, ஆனால், அது விடையாகாது. அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

இவ்வினா நம்மவர்க்கே உரியதன்று. ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் என்பார் புனைந்து 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருங்கதையையும், அவர் மறைந்தபின் 1977இல் வெளிவந்த பழங்கதைத் தொகுதியையும் நம் மாணாக்கர் சிலர் இந்நாளிற் படிக்கின்றனர். மூப்பால் இறவாத எல்ஃப் என்னும் குலத்தாரும் இறக்கும் மானிடரும் கலந்த குடும்பம் ஒன்று அங்கே பேசப்படுகின்றது. அக்குடும்பத்துப் பிறந்த எல்றொண்ட், எல்றொஸ் என்னும் உடன்பிறந்தார் இருவரும் தத்தம் குலத்தைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றனர். எல்றொண்ட் இறவாமையைத் தெரிந்தான். எல்றொஸ் மானிடனாகி, ஐந்நூறாண்டு வாழ்ந்து, இறந்தான். பின்னொரு காலத்தில் எல்றொண்டின் மகள் மானிட அரசன் ஒருவனை மணத்தற்பொருட்டு இறப்பைத் தெரிந்து, தந்தையை என்றைக்குமாகப் பிரிந்தாள். இறப்பு மானிடர்க்குக் கிடைத்த கொடை என்பது அக்கதையின் உட்கோள். அது கட்டுக்கதையேயாயினும் சிந்திக்கத் தக்கது.

இனி, நம் கந்தபுராணத்தை நோக்குவாம். அசுரகாண்டத்திலும் இத்தகைய குடும்பம் ஒன்றுண்டு. தந்தை காசிப முனிவர். தாய் அசுரர் குலத்து மாயை. அவர்களுக்குப் பிறந்தோர் சூரபன்மன், சிங்கமுகன், தாரகன், அசமுகி என்போர். அம்மக்கள் முன்னிலையிலே தந்தை ஓர் உபதேசமும், தாய் ஓர் உபதேசமும் செய்கின்றனர். தந்தை அறத்தையும் தவத்தையும் எடுத்துரைத்து, சிவபிரானைப் பற்றினார் கூற்றத்தை வெல்வர் என்பதற்கு மார்க்கண்டேயர் வரலாற்றையும் விரித்துரைக்கின்றார். தாயோ, செல்வமும் வலிமையும் நெடிய வாழ்நாளும் பெறுதற்கு வேள்வி செய்க என்கின்றாள். மக்கள் தாய்சொல்லைத் தெரிந்தனர். புராணபடனம் கேட்கும் நம்மவர் மறக்கலாகாதது ஒன்றுண்டு: மார்க்கண்டேயர் கதையைச் சூரன் கேட்டிருந்தான். அறியாமையால் அவன் வழிதவறினான் என்றல் பொருந்தாது.

அற்றேல், அசுரத்தாயின் உதிரமே அவனை அவ்வழிச் செலுத்திற்று எனின், அன்று. தேவர்க்கும் தந்தை அக்காசிபரே. அவர்கள் அதிதி வயிற்றிற் பிறந்தும், அமுதுண்டும், சிவனை இகழ்ந்த தக்கன் வேள்விக்குச் சென்று பிழைபட்டனர். மற்று, சூரனோடு ஒருவயிற்றுப் பிறந்த சிங்கமுகன், தேவரைச் சிறைவிடுக என்றும், வரங்கள் முருகப்பெருமான் முன் நில்லா என்றும் தமையனுக்கு இடித்துரைத்தான். ஆதலின், பிறப்பு நமக்கு இருவழியையும் காட்டுமேயன்றி, ஒருவழியிற் பிடித்துத் தள்ளாது. ஆயினும், நல்லது கண்ட சிங்கமுகனும் தமையனைப் பிரியமாட்டாமல் உடன்நின்று பொருது மாண்டான். அறிவு ஒருபாலும் பாசம் ஒருபாலும் ஈர்க்க நிற்பார்க்குத் தெரிவு எத்துணை அரிது என்பதற்கு அவனே சான்று.

இனி, இரு வரங்களின் வேறுபாடு கூறுதும். சூரன் பெற்றது ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆளும் வாழ்வும் அழியாத யாக்கையும். வாழ்நாளை அவன் ஆட்சியின் பொருட்டு வேண்டினான். மார்க்கண்டேயரோ ஆயுளுக்கு ஆட்சியைப் பயனாகக் கொண்டாரல்லர். இறைவன் திருவடியைப் பற்றினார். ஆயுள் அதனைத் தொடர்ந்து வந்தது. ஒருவன் ஆயுளைப் பற்றி இறைவனைக் கருவியாக்கினான். மற்றவர் இறைவனைப் பற்ற, ஆயுள் கருவியாயிற்று. கொடுத்தவர் ஒருவரே; கொண்டவர் நோக்கம் இரண்டு.

இறவாமை தன்னளவில் நன்மையாமோ எனின், அதற்கும் அப்புராணமே விடை பகர்கின்றது. அமுதுண்ட தேவர் சூரன் ஏவலால் மீன் சுமந்தனர். இந்திரன் மகன் சயந்தன் சிறையிற் கிடந்தான். இறவாமை அவர்க்குத் துன்பத்தை நீட்டித்ததேயன்றி நீக்கிற்றில்லை. யுகம் நூற்றெட்டாயினும் எண்ணப்படுவதாயின் முடிவுடையதே. இதுபற்றியன்றோ, காரைக்காலம்மையார் இறைவனிடத்து இறவாமை வேண்டாது பிறவாமை வேண்டினார். பிறப்புண்டாயின் மறவாமை வேண்டினார். டோல்கீன் கதையிலுள்ளார்க்குக் கிடைத்தவை இறப்பு, இறவாமை என்னும் இரண்டே. சைவம் காட்டும் மூன்றாவது வழி இதுவாம்.

சூரன் முடிவும் இதனையே தெளிவிக்கும். மாமரமாய் நின்ற அவனை வேற்படை பிளந்தது. பிளவு இரண்டும் மயிலும் சேவலுமாயின. பெருமான் ஒன்றை ஊர்தியாகவும் ஒன்றைக் கொடியாகவும் ஏற்றருளினார். வேண்டிப் பெற்ற வாழ்வு ஒழிந்தது. வேண்டாத திருவடிப்பேறு வாய்த்தது. இதனை மறக்கருணை என்பர் பெரியோர். சூரனுடைய தலை மாறுந்தோறும் ஆரவாரிக்கும் சிறுவர்க்கு, இறுதியில் வரும் மயிலையும் சேவலையும் காட்டி இதனை விளக்கல் ஆசிரியர் கடன்.

எஞ்சியது ஒன்றுண்டு, அதுவே நம்மைச் சுடுவது. பதினாறாண்டு வாழும் குணமுடைய மகனா, நெடுநாள் வாழும் அறிவிலியா என இறைவன் வினவியபோது, முன்னதைத் தெரிந்தவர் மிருகண்டு முனிவர். இறக்க வேண்டியவரோ மகனார். பிறருடைய ஆயுளைத் தெரிய நமக்கு உரிமை யாது? அம்முனிவர் தந்நலம் கருதித் தெரிந்தாரல்லர் என்பது உண்மை. ஆயினும், பதினாறு நிரம்பும் காலத்து அவரும் மனைவியாரும் கண்ணீர் விட்டனர். அவர் தெரிவு நன்று. அதன் விலையினின்றும் அவர் தப்பினாரல்லர். அந்நாளிற் பெற்றோரைத் தேற்றியவரும் அம்மகனாரே. பூசைக்குச் சென்றவரும் அவரே. தந்தை தெரிந்தது வாழ்நாளின் அளவை. அதனைக் கொண்டு செய்யத் தக்கதை மகனார் தாமே தெரிந்தார்.

ஆசிரியராகிய நாமும் நாடோறும் பிறர் மக்களுக்காகத் தெரிகின்றோம்: இது படி, அது விடு, இத்தொழிலுக்குச் செல் என்கின்றோம். அவர்தம் வாழ்நாளை நீட்டல் நம் கையில் இல்லை. சிறந்த மதிப்பெண்ணும் பெரிய உத்தியோகமும் சூரன் பெற்ற அண்டங்கள் போல் எண்ணிக்கைக்கு உட்பட்டவையே. எதனைப் பற்றி வாழ்தல் தகும் என்பதைக் காட்டி, பற்றுதலை அவரிடமே விடுதல் நம் கடன். காசிபர் அவ்வளவே செய்தார். அவர் மக்கள் கேளாது போயினர். அதுபற்றி அவருரை பயனின்றிப் போயிற்று என்று எண்ணற்க. மார்க்கண்டேயர் கதையை இன்றும் நம் சிறுவர் கேட்பது அவ்வுரையின் வாயிலாகவே என்க.