பூட்டிய வீடுகளும் குடியிருக்கும் தர்மமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த மாசசூசெட்ஸ் ராஜ்யத்தின் கவர்னர் மோரா ஹீலி 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி கையொப்பமிட்ட வீட்டுவசதிச் சட்டம், 516 கோடி டாலர் வரை கடன் திரட்டி வீடுகளைக் கட்டவும் பழுது பார்க்கவும் அதிகாரம் அளித்ததற்காகப் பெரிதும் கொண்டாடப்பட்டது. ஆனால் அவர் முதலில் சட்டசபைக்கு அனுப்பிய மசோதாவில் இருந்த ஒரு சிறு பிரிவு, கையொப்பத்துக்கு வந்த ஏட்டில் இல்லாமற் போயிற்று. விரும்புகின்ற ஊர்கள், தங்கள் எல்லைக்குள் மிக உயர்ந்த விலைக்கு வீடு விற்கப்படும்போது, 10 லட்சம் டாலர் அல்லது அந்த மாவட்டத்தின் நடுத்தர விலை என்ற இரண்டில் எது அதிகமோ அதற்கு மேற்பட்ட தொகையின்மீது மட்டும் அரை சதவீதம் முதல் இரண்டு சதவீதம் வரை கட்டணம் வசூலித்து, அதை எளியவர்களின் வீட்டுவசதிக்குச் செலவிடலாம் என்பதே அப்பிரிவு. வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு 10 லட்சம் டாலருக்கும் 5,000 முதல் 20,000 டாலர் வரை. நான்டக்கெட் தீவின் வாக்காளர்கள் தங்கள் ஊர்ப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றிப் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த உரிமை அது. வீட்டு விற்பனைத் தொழிலில் ஈடுபட்டோர் எதிர்த்தார்கள், சட்டசபை கைவிட்டது.

இது நியாயந்தானா என்று கேட்டால், நியாயமன்று என்பதே விடை. ஓர் ஊரின் ஐசுவரியம் பெருகும்போது, அப்பெருக்கத்துக்குத் தங்கள் உழைப்பால் காரணமாயிருந்தவர்களே அவ்வூரில் தலைசாய்க்க இடமின்றி அலைவதைச் சந்தையின் இயல்பு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது, அது அநீதி. அந்த அநீதியைத் துடைக்கப் பாடுபடும் லாப நோக்கற்ற ஸ்தாபனங்களுக்குப் பொருள் உதவுவது, அவ்வூரில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவர் மேலும் நிற்கும் கடன். மனமுவந்து கொடுப்பவர் கொடுக்கட்டும். கடன் என்று ஆனபின் அதைச் சட்டத்தின் மூலம் வசூலிப்பதில் தவறு ஏதும் இல்லை.

மாசசூசெட்ஸின் அந்தக் கடலோரப் பிரதேசத்தின் நிலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் வளைந்து நீண்டு கிடக்கும் கேப் காட் தீபகற்பத்தில் 15 ஊர்கள். 2020ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி ஏறக்குறைய 2,29,000 பேர். அங்குள்ள வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை கோடைக்கு மட்டும் திறக்கப்படுபவை. கோடியிலுள்ள ட்ரூரோ, வெல்ஃப்லீட் ஆகிய ஊர்களிலோ பாதிக்கும் மேற்பட்டவை அப்படி. தெற்கே கடலுக்குள் இருக்கும் நான்டக்கெட்டில் ஒரு தனி வீட்டின் நடுத்தர விலை 30 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்கு உலகப் பிரசித்தி பெற்றிருந்த தீவு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அத்தொழில் நசிந்தபின், கோடை விருந்தினரைக் கொண்டே ஜீவனம் நடத்தக் கற்றுக்கொண்டது. பிழைப்புக்காக வரவழைத்த விருந்தே இன்று வீட்டுக்காரனைத் திண்ணைக்குத் தள்ளிவிட்டது.

வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தின் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். செப்டம்பரில் கோடைக்காரர்கள் ஊர் திரும்பியதும் வீடு கிடைக்கிறது. மே மாத இறுதிவரை என்று ஒப்பந்தம். கோடையில் ஒரு வாரத்துக்குக் கிடைக்கும் வாடகை, குளிர்காலத்தில் ஒரு மாதத்துக்குக் கிடைப்பதைவிட அதிகமாதலால், ஜூன் பிறந்ததும் வெளியேறிவிட வேண்டும். பள்ளிக்கூடம் இன்னும் மூடவில்லை; பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிறது; அம்மா பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குகிறாள். பெட்டிகள் ஒரு நண்பர் வீட்டுக் கார் கொட்டகைக்கும், குடும்பம் மற்றொருவரின் நிலவறைக்கும் போகின்றன. அதுவும் வாய்க்காதவர்கள் கூடாரத்திலோ படகிலோ, காரின் பின்ஆசனத்திலோ மூன்று மாதம் படுத்தெழுந்து, விடிந்ததும் சலவை செய்த சட்டையோடு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் போகும் வேலை எது? இன்னொருவர் வந்து தங்கும் வீட்டைத் துடைப்பது, அவருக்கு உணவு பரிமாறுவது, அவருடைய குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நிற்பது. இவர்களில் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்பவர்களும் உண்டு. ஜமைக்காவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. யார் பூர்வீகக் குடி என்ற வாதம் இங்கே எழ நியாயமில்லை. அப்படிக் கேட்டால் அந்த மண்ணில் வாம்பனோவாக் மக்களைத் தவிர வேறு யாருக்கும் பேச வாயிராது.

உண்ண உணவும் உடுக்க உடையும் மட்டுமே அறம் என்று நம் முன்னோர் நிறுத்திக்கொள்ளவில்லை. மணிமேகலை பாடிய சாத்தனார், அறம் எது என்ற கேள்விக்கு விடை கூறுமிடத்தில், உயிர்களுக்கு வேண்டிய உணவு உடைகளோடு உறைவிடத்தையும் சேர்த்தே எண்ணினார். திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது போதாதென்று, அதற்கு முன்னதாகவே ஒப்புரவறிதல் என்று தனி அதிகாரம் வகுத்து, அறிவுடையவனின் செல்வத்தை ஊரார் அனைவரும் உண்ணும் நீர்நிலைக்கு ஒப்பிட்டார். கைம்மாறு கருதாத கடமை என்று அதைச் சொல்லிவிட்டுப் பிறகுதான் இரப்பவனுக்குக் கொடுக்கும் ஈகையைப் பேசினார். புறநானூற்றில் நக்கீரர், உலகம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆளும் அரசனுக்கும் இரவும் பகலும் உறங்காது வேட்டையாடித் திரியும் வேடனுக்கும் உண்பதும் உடுப்பதும் ஒன்றே என்று எடுத்துக்காட்டி, செல்வத்தின் பயன் கொடுத்தலே என்று முடிவு கூறினார். ஈசாவாஸ்ய உபநிஷதம் அனுபவிப்பதைத் துறவோடு அனுபவிக்கச் சொல்லிப் பிறர் பொருளை விழையாதே என்கிறது. அந்தக் கரையில் தேவாலயங்களைக் கட்டிக் குடியேறிய வெள்ளையரின் சொந்த வேதத்திலோ கண்டனம் இன்னும் நேரானது: வேறு எவருக்கும் இடமில்லாதபடி வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டு போகிறவர்களுக்குத் தீங்கு வரும் என்று ஏசாயா தீர்க்கதரிசி எச்சரித்தார். தமிழ்ப் புலவரும் யூத தீர்க்கதரிசியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்றால், அம்முடிவை அலட்சியமாக ஒதுக்கிவிடலாகாது.

இத்தனை சான்றுகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் தீர்ப்பு மாறாது. கோடைவாசி 40 லட்சம் டாலர் கொடுத்து வாங்குவது நான்கு சுவர்களையும் ஒரு துண்டு கடற்கரையையும் மட்டுமா? காலையில் ரொட்டி சுட்டுத் தரும் கடை, தீப்பிடித்தால் ஓடிவரும் படை, மூழ்குபவனைக் காக்கும் கரைக்காவலர், உறைபனியில் குழாய் வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும் ஆள், சிப்பி பறித்துக் கொண்டுவரும் வெல்ஃப்லீட்காரன் இவர்கள் எல்லாரும் சேர்ந்தே அந்த விலையை உண்டாக்கினார்கள். அவர்களை ஊரைவிட்டு விரட்டிவிட்டு விலையை மட்டும் வைத்துக்கொள்ள விரும்புவது, பலர் கூடி விளைவித்ததை ஒருவர் எடுத்துக்கொள்வதாகும்.

கேப் காட்டின் கோடியிலுள்ள எட்டு ஊர்களுக்காக 1992இல் தோன்றிய கம்யூனிட்டி டெவலப்மென்ட் பார்ட்னர்ஷிப் என்னும் ஸ்தாபனம், இந்தப் பிணைப்பை நன்றாக உணர்ந்து, குறைந்த வாடகை வீடுகளை நடத்துவதையும் சிறு வியாபாரிகளுக்குக் கைகொடுப்பதையும் ஒரே காரியத்தின் இரு பக்கங்களாக வைத்துக்கொண்டிருக்கிறது. அது சரியான வழி. ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரையுள்ள ஏறக்குறைய பத்து வாரங்களில் வருஷம் முழுமைக்கும் சம்பாதித்தாக வேண்டிய கடைக்காரர், ஏப்ரலில் சரக்கு வாங்கப் பணமின்றி நிற்கிறார். குளிர்காலத்தில் கல்லாப்பெட்டி காலியாயிருப்பதைப் பார்க்கும் பாங்கி கடன் கொடுக்கத் தயங்குகிறது. அப்போது ஒரு சிறு கடனும், கணக்கு எழுதவும் விலை வைக்கவும் கற்றுத்தரும் ஒரு வகுப்பும், கடையைக் காப்பாற்றிவிடும். ஆனால் கடையில் நிற்க ஆள் வேண்டும். ஆளுக்குத் தங்க இடம் வேண்டும். குளிர்காலத்திலும் கடை திறந்திருக்க வேண்டுமானால் குளிர்காலத்திலும் ஊரில் குடிகள் இருக்க வேண்டும்.

அதே முறையில் அங்குள்ள மீனவர் கூட்டமைப்பு ஒரு டிரஸ்டை அமைத்து, தனியார் கைகளில் விலையேறிப்போன மீன்பிடி உரிமைப் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளூர்ப் படகுக்காரர்களுக்குக் குறைந்த குத்தகைக்கு விடுகிறது. வெல்ஃப்லீட்டில் லாரன்ஸ் ஹில் என்ற இடத்தில் 46 குடியிருப்புகளும், ட்ரூரோவில் க்ளோவர்லீஃப் என்ற பெயரில் 43 குடியிருப்புகளும் திட்டமிடப்பட்டன. பின்னதோ அக்கம்பக்கத்தாரின் வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டது. நான்டக்கெட்டில் ஹவுஸிங் நான்டக்கெட் என்னும் ஸ்தாபனம் செய்யும் காரியம் கண்ணால் பார்க்கத்தக்கது. பெரிய மாளிகை கட்டுவதற்காக இடிக்கப்பட இருக்கும் மரவீட்டை அது கேட்டு வாங்கி, அஸ்திவாரத்திலிருந்து ஜாக்கி கொடுத்துத் தூக்கி, எஃகு விட்டங்களின்மேல் ஏற்றி, சன்னலும் கதவும் அப்படியே இருக்கச் சாலை வழியே மெல்ல இழுத்துப்போய், வேறொரு மனையில் இறக்கி வைத்து, ஊரில் உழைக்கும் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிறது. குப்பைக்குப் போக இருந்த கட்டடம் குடியிருக்கும் வீடாகிறது.

மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் ஐலண்டு ஹவுஸிங் டிரஸ்டு, நிலத்தைத் தன்வசம் வைத்துக்கொண்டு அதன்மேல் நிற்கும் வீட்டை மட்டும் 99 வருஷக் குத்தகையோடு விற்று, எத்தனை கை மாறினாலும் விலை எட்டாத உயரத்துக்குப் போகாதபடி காக்கிறது. இந்த ஏற்பாட்டின் வேரைத் தேடிச் செல்பவர் நம் நாட்டுக்கே வந்து சேர்வார். 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி போச்சம்பள்ளி கிராமத்தில் வினோபா பாவே தொடங்கிய பூதானம் கிராமதானமாக வளர்ந்து, தமிழ்நாட்டில் ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கால்நடையாக ஊர் ஊராகக் கொண்டு சென்ற காலத்தில், அமெரிக்காவில் ராபர்ட் ஸ்வான் என்பவர் அதைக் கவனித்துப் படித்தார். நிலம் கிராமத்துக்கே உரியது என்ற கருத்தைத் தங்கள் நாட்டுச் சட்டத்துக்குப் பொருத்தி, ஜார்ஜியாவில் ஆல்பனி நகருக்கருகே 1969இல் கறுப்பின விவசாயிகளுக்காக அமைந்த நியூ கம்யூனிட்டீஸ் என்னும் முதல் சமூக நில டிரஸ்டுக்கு அவர் துணைநின்றார். பிற்காலத்தில் மாசசூசெட்ஸின் பெர்க்ஷயர் மலைப்பகுதியிலேயே குடியேறி அந்தப் பணியைத் தொடர்ந்தார். அந்த மலைப்பகுதி ஊர்கள் சிலவும் இன்று அதே கோடைவாசிகளின் நெருக்கடியில் இருக்கின்றன.

மறுபக்கத்தாருக்கும் சொல்ல ஏதோ உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தன் பணத்தால் வாங்கிய வீட்டைத் திறப்பதும் பூட்டுவதும் தன் சுதந்திரம் என்று ஒருவர் கூறலாம்; பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாமலே அவர் சொத்துவரி செலுத்துகிறார் என்பதும் மெய். மணற்பாங்கான அந்த நிலத்தில் செப்டிக் டாங்குகளின் கசிவு குளங்களைக் கெடுப்பதால் கண்டபடி வீடு கட்டலாகாது என்பதும் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் பத்துக் குளியலறையுள்ள மாளிகை எழும்போது அடங்கிக்கிடக்கும் தண்ணீர்க் கவலை, எளியவனுக்கு ஒரு மாடிக்குடியிருப்பு எழும்போது மட்டும் வழக்காகக் கிளம்புவதைப் பார்க்கையில், அதற்கு அதிக மதிப்புக் கொடுக்க மனம் இசையவில்லை. சொத்தின் சுதந்திரமும், காந்தியடிகள் வற்புறுத்திய தர்மகர்த்தாக் கொள்கையின்படி, பொறுப்பு கழிந்தபின் எஞ்சும் சுதந்திரமே.

2024ஆம் ஆண்டுச் சட்டம் பருவகால ஊர்கள் என்று ஒரு வகையை உண்டாக்கி, இரு தீவுகளின் எல்லா ஊர்களையும், கேப் காட்டில் 35 சதவீதத்துக்கு மேலும் பெர்க்ஷயரில் 40 சதவீதத்துக்கு மேலும் கோடை வீடுகள் உள்ள ஊர்களையும் அதில் சேர்த்தது. ஆண்டு முழுவதும் குடியிருப்பதற்கே இவ்வீடு உரியது என்ற நிபந்தனையை ஊர் விலைகொடுத்து வாங்கிப் பத்திரத்தில் ஏற்றலாம் என்றும் அது அனுமதித்தது. நல்ல அனுமதி. அதற்கு வேண்டிய பணத்தை ஊர் தன் எல்லைக்குள்ளேயே தேடிக்கொள்ள இருந்த வழியை மட்டும் அடைத்துவிட்டது. இனி லாப நோக்கற்ற ஸ்தாபனங்கள் ஒவ்வொரு கோடையிலும் செல்வர்களின் விருந்துகளில் நன்கொடைக்குக் காத்து நிற்க வேண்டும்; கொடுப்பவரின் மனநிலை மாறினால் நான்கு குடும்பங்களின் வீடு ஓராண்டு தள்ளிப்போகும்.

விற்பனையின்மீது கட்டணம் வசூலிக்கும் அந்த வழி முன்பின் அறியாததா என்றால், இல்லை. நான்டக்கெட் தீவு 1983இல் சட்டசபையின் இசைவோடு நில வங்கி ஒன்றை நிறுவி, தீவில் நடக்கும் நில விற்பனையின்மீது இரண்டு சதவீதம் வசூலித்து, புல்வெளிகளையும் கடற்கரைகளையும் பொதுஜனங்களுக்காக வாங்கிவருகிறது. 1986இல் மார்த்தாஸ் வின்யார்ட்டும் அவ்வாறே செய்தது. அது புண்ணிய காரியம், குறைகூற ஒன்றுமில்லை. நான்டக்கெட்டில் ஏறக்குறைய பாதித் தீவு இன்று கட்டடம் எழாமல் காக்கப்படுவதால் எஞ்சிய பாதியின் விலை ஏறியதும் உண்மை. அந்த ஏற்றத்தின் பலனை அடைந்தவர்கள் ஏற்கனவே சொத்து வைத்திருந்தவர்களே. நாடோடிப் பறவை கூடு கட்டும் மணலுக்காக இரண்டு சதவீதத்துக்கு இசைந்த சட்டசபை, அதே கரையில் பிணியாளரைக் கவனிக்கும் நர்ஸ் குடியிருக்க அரை சதவீதத்துக்கு இசைய மறுத்ததற்கு என்ன நியாயம் கூறமுடியும்? இரண்டு சதவீதத்துக்கு அஞ்சி அங்கே வீடு வாங்குவோர் ஓடிவிடவில்லை, விலையும் வீழ்ந்துவிடவில்லை. மசோதா மறுபடியும் சபைக்கு வரும்போது உறுப்பினர்கள் இதை நினைவில் வைத்து வாக்களிக்க வேண்டும். விற்பனையின்போதே கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும் முறையும் அதற்குக் கணக்குக் காட்டும் முறையும் அத்தீவுகளில் நாற்பது ஆண்டுகளாகப் பழகிப்போனவை.