அளவுகோல் யாருடைய கையில்?

என் ராத்தாவின் மகனுக்கு ஆறு வயது. பேச்சு இல்லை. மகிழ்ச்சி வந்தால் இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கிப் படபடவென்று உதறுவான். ஓட்டிசம் என்று வைத்தியர் சொன்ன பிறகு நடத்தைப் பயிற்சி ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். சில மாதங்கள் கழித்து நான் போயிருந்த அன்று வட்டிலப்பத்தைக் கண்டதும் அவனுடைய கைகள் உயர்ந்தன. மறுகணமே தானாக இறக்கி, தொடைகளின் கீழே வைத்து அமர்ந்துகொண்டான்.

“பாத்தியா தம்பி, எவ்வளவு மாறிட்டான்” என்றார் ராத்தா.

நானும் சந்தோஷப்பட்டேன். வீடு திரும்பும் வழியில்தான் அந்தக் கேள்வி வந்தது. மாறியது என்ன? அவனுடைய உள்ளமா, அல்லது நமது கண்ணுக்கு அவன் தெரிகின்ற விதமா?

இப்பயிற்சி முறையின் வரலாற்றைத் தேடி வாசித்தபோது ஐவார் லொவாஸ் என்ற உளவியலாளரிடம் வந்து நின்றேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் அவர் செய்த ஆய்வு 1987 இல் வெளிவந்தது. வாரத்துக்கு 40 மணித்தியாலத் தீவிர பயிற்சி. 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் முதலாம் ஆண்டை முடித்தார்கள். அந்த முறையில் பாராட்டு இருந்தது. உரத்த குரலில் ‘இல்லை’ என்ற அதட்டலும் தொடையில் ஓர் அடியும்கூட இருந்தன. தேறிய பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரித்தறிய முடியவில்லை எனப் பாடசாலையினர் கூறியதாக அவ்வறிக்கை சொல்கின்றது.

நான் தடுக்கி நின்ற இடம் இதுதான். வெற்றிக்குச் சாட்சி சொன்னவர்கள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பயிற்சிக்கு உள்ளானவரின் சாட்சியம் எங்கே?

அது வராமல் இருக்கவில்லை. 1993 இல் ஜிம் சின்க்ளெயார் என்ற ஓட்டிசமுள்ள எழுத்தாளர் பெற்றோரை நோக்கி ஒரு கட்டுரை எழுதினார். நீங்கள் அழுவது எதிர்பார்த்து, பிறக்காமல் போன ஒரு பிள்ளைக்காக. நாங்களோ இங்கே உயிரோடு இருக்கின்றோம் என்பது அதன் சாரம். 2004 இல் கனடாவின் உச்ச நீதிமன்றத்தில், இந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் தரவேண்டும் எனப் பெற்றோர் தொடுத்த வழக்கில், ஓட்டிசமுள்ளவரான மிஷெல் டோசன் தாமாகவே இடையீட்டாளராக நுழைந்தார். மற்ற மனிதர்கள் மீதான ஆய்வுக்குக் கோரப்படும் அறநெறி எங்களுக்கு மட்டும் ஏன் தளர்த்தப்படுகின்றது என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் பெற்றோரின் கோரிக்கையை ஏற்கவில்லை; அதற்குச் சொன்ன காரணங்கள் சட்டம் சார்ந்தவை. டோசன் எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கின்றது.

இதைக் கருணையின் கேள்வியாக மட்டும் பார்ப்பது போதாது. இது அறிவின் கேள்வியும்கூட. ஒரு மருந்தின் பக்கவிளைவை அதைக் குடித்தவரிடம் கேட்காமல் அறிய முடியுமா? ஓட்டிசமுள்ள சிறு பிள்ளைகளுக்கான பலவகைச் சிகிச்சைகளைப் பற்றிய 150 ஆய்வறிக்கைகளை ஆராய்ந்த ஒரு குழு, அவற்றுள் 11 மட்டுமே தீய விளைவுகளைப் பற்றிப் பேசுகின்றன என 2021 இல் எழுதியது. மீதியில் தீங்கு இல்லை என்பதல்ல இதன் பொருள். அதைத் தேடியதற்கான அடையாளம் இல்லை என்பதே.

இதையெல்லாம் ராத்தாவிடம் சொன்னேன். அவர் மடக்கினார்.

“அவங்க எழுதுறாங்க, கோட்டுக்குப் போறாங்க. என்ட புள்ளைக்குத் தண்ணி வேணும்டு சொல்லவும் வாயில்ல. அவங்க எப்படி இவனுக்காகப் பேசுற?”

இது இலேசான கேள்வியல்ல. எழுதத் தெரிந்த ஒருவரின் அனுபவம் எழுதத் தெரியாதவரின் அனுபவமாகிவிடாது. ஆயினும் 2007 இல் மெல் பாக்ஸ் என்ற அமெரிக்கர் வெளியிட்ட வீடியோ ஒன்று நினைவுக்கு வந்தது. வாயால் பேசாத அவர் முதலில் கைகளை அசைக்கின்றார், முனகுகின்றார். பிறகு தட்டச்சு செய்து, இயந்திரக் குரலில், அந்த அசைவுகளே சூழலோடு தாம் நடத்தும் உரையாடல் என்கின்றார். உங்கள் மொழியில் தட்டச்சு செய்யும்போது மட்டுமே என்னைச் சிந்திப்பவராக ஏற்கின்றீர்கள் என்பது அவரது முறைப்பாடு. டோசனோ பாக்ஸோ என் மருமகனாகிவிட முடியாது. ஆனால் அந்தக் கைகள் எதற்காக உயர்கின்றன என்பதை ஊகிக்க, என்னைவிட அவர்கள் அருகில் நிற்கின்றார்கள். தொடைக்குக் கீழே ஒளித்த கையும் ஒரு சொல்தான் என்று அவர்களிடமிருந்துதான் கற்றேன்.

ஆகவே ஆய்வு முடிந்தபின் ஒரு வினாக்கொத்தை நீட்டுவது பங்கேற்பு ஆகாது. எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது, எதை வெற்றி என்பது என்று தீர்மானிக்கும் மேசையில் அவர்கள் இருக்க வேண்டும். இது நடக்காத காரியமல்ல. அமெரிக்காவில் 2006 இல் தொடங்கிய ஆஸ்பயர் குழு, ஓட்டிசமுள்ளோரையும் கல்வியாளரையும் சமபங்காளிகளாக வைத்துச் சுகாதாரம் பற்றிய ஆய்வுகளைச் செய்து காட்டியுள்ளது.

ராத்தா முழுதாக உடன்படவில்லை. பிள்ளை வீதிக்கு ஓடுவதும் தலையைச் சுவரில் மோதுவதும் அவருடைய இரவுகள், என்னுடையவை அல்ல. ஆனால் அடுத்த கிழமை அவரே தொலைபேசியில் சொன்னார்:

“கையை விட்டுடுங்கண்டு சொல்லிட்டன். ரோட்டுக்கு ஓடாம இருக்க மட்டும் பழக்கட்டும்.”